நான்கு வீட்டுப் பன்னீர் திராட்சை, பன்னிரண்டு டிரம்

ஆரம்பம் வாழையில்தான். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் எங்கள் வீட்டுப் பின்னால் ஒரு செந்துளுவன், அதாவது செவ்வாழை, மூடு நிற்கிறது. 2020 மழைக்குப் பிறகு அதில் ஒரு கன்று பச்சைத் தண்டோடு வந்தது. மற்ற கன்றெல்லாம் வழக்கம்போல் சிவப்பு. யாரோ வேறு கன்றைக் கொண்டுவந்து செருகிவிட்டார்கள் என்று நினைத்து மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். அதே கிழங்கிலிருந்துதான் கிளம்பியிருந்தது. குலை தள்ளியபோது காயும் பச்சை, பழுத்ததும் மஞ்சள். ஆனால் வாயில் போட்டால் செந்துளுவனேதான்.

"சிலது அப்படி நிறம் மாறும் மக்கா" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது சாதாரணமாகத் தோன்றவில்லை. விதையே போடாமல் கன்று பிரித்துப் பிரித்து நடும் செடி. அப்படியென்றால் தாயும் கன்றும் ஒன்றுபோலத்தானே இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியோடு இருந்தபோதுதான் வடசேரி மாமி வீட்டுப் பன்னீர் திராட்சைப் பந்தல் கண்ணில் பட்டது. எத்தனையோ வருடமாகப் பார்க்கும் பந்தல்தான். அதன் குலை எப்போதும் நெருக்கமில்லாமல் இருக்கும், பழமும் கொஞ்சம் சிறிசு. சந்தையில் வரும் கம்பம் பன்னீர் திராட்சை அப்படி இல்லை, பழத்துக்குப் பழம் இடித்துக்கொண்டு நிற்கும். மாமி வீட்டில் கொடியை வைத்த மாமாவோ, அதுவும் கம்பம் பக்கத்திலிருந்து கொண்டுவந்த கம்புதான் என்று சொல்லியிருக்கிறார்.

பிறகு போகிற வீட்டில் எல்லாம் பந்தலை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. ஆரல்வாய்மொழியில் ஒரு நண்பர் வீட்டுக் கொடியிலும் குலை இடைவெளி விட்டுத்தான் இருந்தது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு பழைய வீட்டில் பழம் பழுக்கிற சமயத்தில் இலை சிவந்து சுருண்டிருந்தது, பழத்தில் இனிப்பு ஏறவே இல்லை. குளச்சலில் கடலுக்கு நாலு தெரு தள்ளி இருந்த கொடியில் இலை ஓரம் கருகியிருந்தாலும் குலை கம்பம் குலைபோலவே இருந்தது. நான்கு வீட்டிலும் பெயர் ஒன்றுதான், பன்னீர் திராட்சை.

இதெல்லாம் மண்ணும் காற்றும் செய்கிற வேலையா, கொடிக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறதா? நான்கையும் ஒரே இடத்தில் வைத்து வளர்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு வருடத்தில் முடியும் என்று வீட்டில் சொல்லி மொட்டைமாடியை வாங்கினேன். நான்கு வருடம் ஆனது.

2021 ஜனவரியில், நான்கு வீட்டிலும் கவாத்து செய்யும் சமயம் பார்த்துக் கம்பு எடுத்தேன். பென்சில் கனம், பழுப்பாக முற்றியது, நாலு கணு. அடியில் கணுவுக்கு நேர் கீழே நேராக வெட்டு, மேலே சாய்வெட்டு. தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க இந்த அடையாளம் உதவும். ரப்பர் நாற்றுக்கு வைக்கும் பாலித்தீன் பையில் செம்மண், மணல், மக்கிய சாணம் சம அளவு. வீட்டுக்கு எட்டு கம்பு, மொத்தம் முப்பத்திரண்டு. வேர் பிடித்தது பத்தொன்பது.

இங்கேதான் முதல் சறுக்கல். பையில் மார்க்கர் பேனாவால் 'வ', 'ஆ', 'மா', 'கு' என்று ஊரின் முதல் எழுத்தை எழுதியிருந்தேன். அழியாத மை என்று கடையில் சொன்னார்கள். ஜூன் மழையிலும் இடையில் அடித்த வெயிலிலும் எழுத்து மங்கி, ஒரு நாள் காற்றில் பைகள் சரிந்து கலந்தபோது நான்கு பைக்கு ஊர் பேர் இல்லாமல் போனது. கணக்கிலிருந்து அவற்றைத் தள்ளிவிட்டேன். தூக்கிப் போட மனம் வராமல் மதில் ஓரம் நட்டேன், அவற்றுக்கு வீட்டில் 'யாரோ' என்று பெயர். அதற்குப் பிறகு எல்லாச் செடிக்கும் அலுமினியத் தகட்டில் பழைய பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கீறி, கம்பி போட்டுக் கட்டினேன். மையே வேண்டாம், பள்ளம் போதும். செடிகளை ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கிற யாரும் மண்வெட்டி வாங்குவதற்கு முன்னால் இதை வாங்கிவிடுங்கள்.

ஜூலையில் பன்னிரண்டு டிரம். நீல நிற பிளாஸ்டிக் பீப்பாயைப் பாதியாக அறுத்தது. ஒரே லோடு மண்ணை மொத்தமாகக் கலந்து எல்லாவற்றிலும் நிரப்பினேன். வீட்டுக்கு மூன்று செடி. வடசேரி மூன்றையும் ஒரு மூலையில், ஆரல்வாய்மொழி மூன்றையும் இன்னொரு மூலையில் வைப்பதுதான் பார்க்க அழகு. ஆனால் மாடியின் மேற்கு ஓரத்தில் பலா மரத்து நிழல் விழும். நிழலில் மூன்று வடசேரியும் நின்றால், பிறகு வரும் வித்தியாசம் வடசேரியுடையதா, பலாவுடையதா? மகள் சீட்டு எழுதிக் குலுக்கினாள். எந்தச் சீட்டு வந்ததோ அந்த டிரம்மில் அந்தச் செடி. ஒரு வரிசையில் இரண்டு 'மா' பக்கத்தில் பக்கத்தில் வந்தது. மாற்றலாமா என்று கை பரபரத்தது, மாற்றவில்லை.

பந்தல் போடவில்லை. நெஞ்சளவு உயரத்தில் இரண்டு கம்பி இழுத்து, செடிக்கு இரண்டு கை மட்டும் விட்டேன்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் எழுதும்படி அதிகம் இல்லை. தண்ணீர், சாணம், கட்டு. தக்கலை மழை திராட்சைக்கு ஏற்றதல்ல. ஆனி ஆடியிலும் பெய்யும், ஐப்பசி கார்த்திகையிலும் பெய்யும். அடிச்சாம்பல் நோய்க்கு ஒரு சதவீத போர்டோ கலவை அடித்தேன். லிட்டருக்குப் பத்து கிராம் துருசு (மயில்துத்தம்), பத்து கிராம் சுண்ணாம்பு, தனித்தனியாகக் கரைத்துச் சேர்ப்பது. இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் அதில் செம்பு படியக் கூடாது, படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. ரப்பர் வைத்திருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

2022 நவம்பரில் முதல் சேதி வந்தது. மூன்று 'மா' செடியிலும் அடி இலைகள் சிவந்தன. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவில் சிவப்பு, ஓரம் கீழ்நோக்கிச் சுருட்டல். மார்த்தாண்டம் வீட்டில் பார்த்த அதே இலை. மெக்னீசியம் குறைந்தாலும் இலை இப்படிச் சிவக்கும் என்பதால் எப்சம் சால்ட் கரைத்துப் பன்னிரண்டுக்கும் அடித்தேன். பலன் இல்லை. ஒரே மண், ஒரே தண்ணீர், பக்கத்து டிரம்மில் 'கு' பச்சையாக நிற்கிறது. ஆக, இந்தச் சிவப்பு மார்த்தாண்டம் மண்ணிலிருந்து வந்ததல்ல, கம்போடு வந்தது.

டிசம்பர் கடைசியில் கவாத்து, 2023 ஏப்ரலில் அறுவடை. அன்று வீட்டுத் தராசும், பழரசத்தின் இனிப்பை அளக்கும் சின்ன ரிஃப்ராக்டோமீட்டரும் வைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். முதலில் பார்த்தது ஆரல்வாய்மொழிக் குலையை. நெருக்கமாக இருந்தது! 'கு'வையும் 'ஆ'வையும் தகட்டைப் பார்க்காமல் பிரிக்க முடியவில்லை. நண்பர் வீட்டில் குலை இடைவெளி விட்டதற்குக் காரணம் காற்றாகத்தான் இருக்க வேண்டும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அந்தக் கணவாய்க் காற்று, பூக்கிற சமயத்தில் அடித்தால் பிஞ்சு எங்கே பிடிக்கும். குளச்சல் இலைக் கருகலும் இங்கே காணோம், உப்புக்காற்றோடு போய்விட்டது.

வடசேரிக் குலை மட்டும் மாமி வீட்டில் இருந்தபடியே வந்தது. மூன்று டிரம்மிலும். ஒன்று பலா நிழலில், இரண்டு நல்ல வெயிலில். பழம் சிறிசு, காம்பு கொஞ்சம் நீளம், குலைக்குள் விரலை விட்டு எடுக்கலாம்.

துள்ளிக் குதித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். மாமிக்கு போன் போட்டேன். "இதத்தான நான் வருசம் வருசம் சொல்லுதேன், எங்க வீட்டு முந்திரி வேறன்னு" என்றார். மாமிக்குத் திராட்சை எப்போதும் முந்திரிதான்.

மாமி சொல்வதும் நடக்கக்கூடியதுதான். வாழைக் கன்றின் குழப்பத்தில் நான் தேடிப் படித்ததெல்லாம் அப்போது பொருந்த ஆரம்பித்தது. திராட்சையில் ஒரு ரகம் என்பது ஒரே ஒரு விதையில் முளைத்த ஒரே ஒரு செடி. பிறகு எல்லாம் அதன் கம்புகள். விதை போட்டால் அது வேறு ரகமாகிவிடும். நம் பன்னீர் திராட்சையே, வெளிநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று சொல்லப்படுவது, ஸ்கியாவா கிரோசா என்ற ரகத்துக்கும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவுக்கும் பிறந்தது. கம்பு வழியாக ஒரு செடி எத்தனை காலம் ஓடும் என்பதற்கு ஒரு கணக்கு: பிரான்சில் ஓர்லியன்ஸ் நகரத்து அகழாய்வில் கிடைத்த ஏறத்தாழ 900 வருடப் பழைய விதை ஒன்றின் மரபணு, இன்றும் பயிராகிற சவாஞ்ஞான் பிளாங்க் ரகத்தோடு அப்படியே ஒத்துப்போனதை 2019-இல் வெளியிட்டார்கள். நம் கணக்கில் சோழர் காலத்துக் கொடி ஒன்று கம்பு கம்பாக இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

திராட்சையின் மரபணுத் தொகுப்பு ஏறத்தாழ 50 கோடி எழுத்து நீளம். ஒவ்வொரு செல்லும் பிரியும்போது அத்தனையையும் படியெடுக்க வேண்டும். பிழை விழாமல் இருக்குமா? பெரும்பாலான பிழை யார் கண்ணிலும் படாது. அபூர்வமாக ஒன்று பட்டுவிடும். வைன் திராட்சைகளில் பினோ நுவார் கருப்பு, பினோ கிரி சாம்பல் சிவப்பு, பினோ பிளாங்க் வெள்ளை. மூன்று வைனும் மூன்று ருசி, ஆனால் மூன்றும் ஒரே கொடியின் கிளைகள்தான், நிறம் தரும் இடத்தில் மட்டும் மாற்றம். நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. தாம்சன் விதையில்லாத் திராட்சைத் தோட்டத்தில் தனித்துத் தெரிந்த கொடியைக் கம்பெடுத்துப் பெருக்கித்தான் மகாராஷ்டிரத்தில் தாஸ்-ஏ-கணேஷ் வந்தது. நீளப் பழம் தரும் சோனாக்காவும் அந்த வழிதான்.

என் வாழைக்கு நெருக்கமான கதை ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. செடியின் நுனி மொட்டில் செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். திராட்சையில் இரண்டு அடுக்கு. மேலடுக்கு தோலாகும், உள்ளடுக்கு மற்ற எல்லாமும் ஆகும். பிழை ஒரு அடுக்கில் மட்டும் விழுந்தால், செடி ஒரு துணியும் அதற்குள் வேறு துணியில் உள்பாவாடையும் போட்டதுபோல் ஆகிவிடும். லாங்ஹார்ன் கிரீக் என்ற இடத்தில் 1977-இல் கபர்னே சோவின்யோன் என்ற கருப்பு வைன் திராட்சைக் கொடி ஒன்றின் கிளையில் வெண்கல நிறப் பழம் வந்தது. உள்ளடுக்கு நிறத்தை இழந்துவிட்டது, மேல்தோலில் மட்டும் நிறம் மிச்சம். 1991-இல் அந்த வெண்கலக் கொடியிலேயே ஒரு கிளை முழு வெள்ளையாகக் காய்த்தது. நிறமில்லாத உள்ளடுக்கு செல்கள் மேலடுக்கையும் பிடித்துக்கொண்டன. முதலாவது மாலியன், இரண்டாவது ஷாலிஸ்டின். என் பச்சைச் செந்துளுவன் கன்றுக்கும் இது தூரத்துச் சொந்தம்தான்.

சரி, மாமியின் கொடிக்கு வருவோம். துள்ளல் அடங்கியதும் ஒரு சங்கடம் உறைத்தது. கம்போடு வருவதெல்லாம் மரபணு அல்ல. வைரஸும் கம்போடு வரும். இலைச்சுருட்டு வைரஸ் ஒரு கொடியில் ஏறினால், அதிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு கம்பிலும் போய் உட்காரும். 'மா'வின் சிவப்பு மரபா, நோயா? 'வ'வின் குலையும் அப்படி ஏதாவது நோய்தானா? டிரம் பரிசோதனை இதைப் பிரித்துச் சொல்லாது.

பிரித்துச் சொல்லும் வழி பழையது, ஒட்டு கட்டுவது. ஆரோக்கியமான செடியில் சந்தேகப்படும் செடியின் துண்டை ஒட்டினால், வைரஸ் ஒட்டு வழியாக இறங்கி ஆரோக்கியமான செடியையும் பிடிக்கும். மரபணு மாற்றம் ஒட்டைத் தாண்டாது. ஒட்டு மாங்காய் மரத்தின் அடிப்பாகம் நாட்டு மாமரமாகவே இருப்பதுபோல.

இதில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சிவப்பு இலையைப் பார்த்த சந்தேகத்தில் பிப்ரவரியிலேயே, அறுவடைக்கு முன்னால், நான் ஒட்டு கட்ட ஆரம்பித்திருந்தேன். 'மா'வுக்கு மட்டும்தான் தேவை என்று நினைத்தாலும், ஒரு முழுமைக்காக 'வ'வையும் சேர்த்திருந்தேன். அது என் புத்திசாலித்தனமல்ல, அதிர்ஷ்டம்.

எங்கள் ஊரில் ஒட்டு கட்ட ஆள் தேட வேண்டாம். ரப்பர் மரம் எல்லாம் ஒட்டுதானே. அதிலும் பெரும்பாலும் ஆர்ஆர்ஐஐ 105 என்ற ஒரே குளோன், அதாவது ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டு ஒட்டாகப் பெருக்கிய நகல்கள், 1980-இலிருந்து. குலசேகரம் பக்கத்திலிருந்து ஒட்டுக்காரர் ஒருவர் வந்தார். நாற்பது வருட அனுபவம். ரப்பருக்குக் கட்டுவதுபோல் பட்டையில் சன்னல் வெட்டிக் கண் வைத்துப் பத்து கட்டினார். பத்தும் காய்ந்தது. அவர் கோபப்படவில்லை, கொடியை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்க தொலி ரப்பர மாதிரி உரியாது மக்கா. ரப்பர் பால் விடும், இது தண்ணி விடுது. தண்ணியில கண்ணு மூழ்கிப் போச்சு."

அதுவேதான். கவாத்து வெட்டில் திராட்சை சொட்டுச் சொட்டாக அழும். இரண்டாம் தடவை, ஒட்டுவதற்கு நாலு நாள் முன்னாலேயே செடியின் தலையை வெட்டி அழ விட்டோம். பிறகு பச்சைத் தண்டில் ஆப்பு ஒட்டு. தண்டைப் பிளந்து, இரண்டு பக்கமும் சீவிய துண்டைச் செருகி, டேப் சுற்றி, மேலே சிப்பப் ஐஸ் போடுகிற நீளக் கவரைக் கவிழ்த்தோம். மிச்சம் வளர்த்திருந்த 'கு' நாற்றிலும், அவற்றிலிருந்து எடுத்த கம்பிலும் வேர் பிடித்த ஒன்பது செடி. மூன்றில் 'மா', மூன்றில் 'வ', மூன்றில் 'கு' துண்டே. கடைசி மூன்று ஏன் என்று ஒட்டுக்காரர் கேட்டார். வெட்டுக் காயத்தாலேயே இலை சிவந்தால் யார் மேல் பழி போடுவது என்றேன். சிரித்தார். பிடித்தது ஏழு. 'மா'வில் ஒன்றும் 'கு'வில் ஒன்றும் போயிற்று.

ஒரு தப்பும் செய்தேன். ஒட்டுச் செடிகளை அதே மாடியில், 'மா' டிரம் அருகிலேயே வைத்திருந்தேன். இலைச்சுருட்டு வைரஸை மாவுப்பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் என்று மூன்று மாதம் கழித்துத்தான் படித்தேன். எறும்பு வரிசை ஒன்று கம்பி மேல் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. எறும்பு இருந்தால் மாவுப்பூச்சிக்குக் காவல் இருக்கிறது என்று அர்த்தம். ஏழையும் கீழே இறக்கி முன்வாசலுக்குக் கொண்டுபோனேன்.

வைரஸ் வெளியே தெரிய இரண்டு பருவம்கூட ஆகும். அதற்குள் வேறொன்று நடந்தது. 2023 ஜூனில் சும்மா ஒரு கவாத்து போட்டுப் பார்த்தேன், மழையில் என்ன ஆகிறது என்று. அக்டோபரில் பழுக்கும் சமயம் எங்கள் மாவட்டத்தில் கொட்டியது மழை. 'கு', 'ஆ' குலைகளில் நடுவில் ஒரு பழம் வெடித்தால் போதும், ஈரம் வெளியேற வழியில்லாமல் குலை மொத்தமும் பூஞ்சணம் பிடித்து அழுகியது. வடசேரிக் குலைகளில் அழுகிய பழத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்றோம். பினோ நுவாரில் குலை தளர்வான குளோன்களை ஈரமான ஊர்க்காரர்கள் தேடித்தேடி நடுவதற்குக் காரணம் இதுவே. மாமி வீட்டில் இத்தனை வருடம் சந்தைத் திராட்சையைவிட மட்டம் என்று கேலி செய்த குணம், தக்கலை மழையில் வரமாக இருந்தது.

போர்ச்சுகலில் 1978-இலிருந்து பழைய தோட்டங்களில் கொடி கொடியாக இந்த மாதிரி வித்தியாசங்களைத் தேடிச் சேர்க்கிறார்கள். ஒரே ஒரு சிறந்த குளோனை எடுத்து நாடு முழுக்க நட்டால் மற்றதெல்லாம் சத்தமில்லாமல் மறைந்துவிடும், அதனால் பல குளோன்களைக் கலந்தே நடச் சொல்கிறார்கள். பிங்க் நோய் வரும் வருடத்தில் மரத்துக்கு மரம் கவையில் போர்டோ பசை பூசிக்கொண்டு திரியும் ரப்பர்க்காரருக்கு இது உடனே விளங்கும். தோப்பு முழுக்க ஒரே மரம், அதனால் தோப்பு முழுக்க ஒரே பலவீனம்.

2024 நவம்பரில் முன்வாசல் செடிகள் பதில் சொன்னன. 'மா' துண்டு ஒட்டிய இரண்டிலும், ஒட்டுக்குக் கீழே விட்டிருந்த குளச்சல் கிளையின் இலை சிவந்து சுருண்டது. நரம்பு பச்சை. 'கு' ஒட்டிய இரண்டும் பச்சை. 'வ' ஒட்டிய மூன்றும் பச்சை. ஏப்ரலில் அந்த மூன்றிலும் குளச்சல் கிளை நெருக்கமாகவே காய்த்திருந்தது, வடசேரித் துண்டு தளர்வாகவே காய்த்திருந்தது. ஒரே வேரில் இரண்டு விதக் குலை. அந்தப் படத்தைத்தான் மாமிக்கு அனுப்பினேன்.

இதை வைத்து மாமியின் கொடி பன்னீர் திராட்சையின் தனிக் குளோன் என்று எழுதிவிடலாம் என்றால், ஒரு முட்டுக்கட்டை மிச்சம் இருக்கிறது. மாமா கொண்டுவந்தது பன்னீர் திராட்சைக் கம்புதானா, அல்லது எங்கோ விதையில் முளைத்த அதன் பிள்ளையா? ரகத்தைக் கண்டுபிடிக்கும் மரபணு அடையாளப் பரிசோதனை இதற்குப் பதில் சொல்லும். பிள்ளையென்றால் பாதி அடையாளம் மாறியிருக்கும். குளோன் என்றால் எல்லாம் ஒத்துப்போகும், ஏனென்றால் அந்தச் சில அடையாளங்களில் குளோன்களுக்குள் வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. இலையைக் காயவைத்துக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

மூன்று 'மா' டிரம்மையும் காலி செய்து, கொடியை எரித்தேன். மார்த்தாண்டம் வீட்டுக்கும் சொல்ல வேண்டுமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பந்தலின் கீழ் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கொடியில் நோய் இருக்கிறது, இதிலிருந்து யாருக்கும் கம்பு கொடுக்க வேண்டாம் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். வீட்டுப் பெரியவர் அண்ணாந்து பார்த்தார். "எங்க அப்பா வெச்சது. பழம் புளிக்கும், தெரியும். நெழலுக்கு நிக்கட்டும்" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன மாசம்தான் ரெண்டு பேரு கம்பு கொண்டு போனாங்க" என்றார்.

அந்த இரண்டு வீட்டு விலாசத்தையும் வாங்கி வந்திருக்கிறேன். போகும்போது கையில் நான்கு வடசேரி நாற்றும் எடுத்துப் போவதாக இருக்கிறேன், தகட்டோடு.